அரக்கு நிறத்தில் ஐந்து முட்டைகள்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. எங்கள் சபைப் பத்திரிகையின் செயலாளர் ஞானசிகாமணி போன் செய்து, ஈஸ்டர் மலருக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்றார். மனதுக்கு இதமாக, குடும்பத்தோடு உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கட்டும் என்றார். மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டிலேயே விதவிதமாகச் சாயம் ஏற்றி முட்டை கொண்டுவந்தீர்களே, அதைப் பற்றியே எழுதிவிடுங்களேன் என்று விஷயத்தையும் அவரே எடுத்துக் கொடுத்தார். ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன்.

அந்த முட்டைகளைப் பற்றி இதமாக எழுத என்னிடம் ஒரு வரிகூட இல்லை. அவற்றில் ஐந்து முட்டைகளால் என் அண்ணி கிருபாவதி தன் ஞாபகத்தின் மேல் வைத்திருந்த நம்பிக்கையை இழந்தார். காரணம் நான்தான். அவரிடம் இதை இன்றுவரை சொல்லவில்லை.

முதல் பக்கத்திலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். உங்களிடம் உடைப்பது சுலபம். நீங்கள் யாரோ, நான் யாரோ. நான் மூன்று வேளையும் சாப்பிடுவது அவர் கையால்.

2

தொடக்கங்களை எழுதி எழுதிக் கிழித்ததில் இரண்டு மட்டும் மிச்சம்.

தொடக்கம் ஒன்று: “முட்டைக்குச் சாயம் ஏற்றக் கடைக்குப் போக வேண்டாம், சமையல்கட்டுக்குப் போனால் போதும்—”

இது ஞானசிகாமணிக்குப் பிடிக்கும். இந்த வழியில் போனால் இரண்டு பக்கம் தானாக நிரம்பிவிடும். வெங்காயச் சருகை வேகவைத்த தண்ணீரில் முட்டையைப் போட்டால் செங்கல் நிறம் வரும். மஞ்சள்தூளுக்கு மஞ்சள். கம்பத்துப் பன்னீர் திராட்சையின் தோலைக் கொதிக்கவைத்தால் ஊதா வரும் என்று நினைத்தேன், மழைக்கு முந்தின வானம் மாதிரி ஒரு சாம்பல் நீலம் வந்தது. கொத்துமல்லி இலை ஒன்றை முட்டையோடு ஒட்டி, பழைய நைலான் சாக்ஸுக்குள் இறுக்கிக் கட்டி வெங்காயச் சாயத்தில் போட்டால், இலை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். இதெல்லாம் பண்ணைக் கோழியின் வெள்ளை முட்டையில்தான் எடுக்கும். நாட்டுக்கோழி முட்டைக்கு அதன் நிறமே போதும் என்று ஒரு பிடிவாதம் உண்டு.

[எங்கள் சபையில் ஈஸ்டருக்கு முட்டை என்பது பழைய வழக்கம் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாகத்தான். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது. முதலில் ஸ்கெட்ச் பேனாவால் சிலுவை வரைந்து கொடுத்தோம். அதைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் நான் உள்ளே இறங்கினேன்.]

இதோடு நிறுத்தியிருந்தால் எழுதுவதற்கு ஒரு நல்ல கட்டுரை இருந்திருக்கும்.

தொடக்கம் இரண்டு: “போடி கடைவீதியில் கிருபா மேட்சிங் சென்டர் எங்கே என்று கேட்டால், குழந்தைகூடக் கையைப் பிடித்துக்கொண்டு போய்—”

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கதை இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

3

அண்ணியைப் பாத்திரமாக எழுதுவதில் ஒரு சிக்கல். உள்ளதை உள்ளபடி எழுதினால், ஆசிரியர் அளக்கிறார் என்பீர்கள்.

மேட்சிங் சென்டர் என்றால் புடவைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி விற்கிற கடை. புடவையைக் கையோடு கொண்டுவந்து, துணியை மேலே போட்டுப் பார்த்து வாங்குவதுதான் ஊர் வழக்கம். எங்கள் கடையில் அண்ணி இருந்த காலத்தில் பாதிப்பேர் வெறுங்கையோடு வருவார்கள். போன தீபாவளிக்கு எடுத்த கத்திரிப்பூ கலர் புடவை அக்கா, அதுக்கு இன்னொரு ரவிக்கை வேணும் என்பார்கள். அண்ணி கண்ணை மூடித் திறப்பார். நூறு தட்டுக்கு நடுவில் கை நேராகப் போகும். எடுத்த துணியை டியூப்லைட்டில் காட்டமாட்டார். கடைவாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் பிடித்து, ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவார். பொருந்தவில்லை என்று திரும்பி வந்தவர்கள் என் நினைவில் யாரும் இல்லை.

நம்பும்படியாக இருக்க இவருக்கு ஒரு குறை வைக்க வேண்டும். வைக்கிறேன். அவர் யாரையும் பாராட்டமாட்டார். என் கதைகளை எல்லோருக்கும் முன்பாக வாசிப்பவர் அவர்தான். ஒரு தடவைகூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. ஒரு முறை காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இப்படிச் சொன்னார்:

“உங்க கதையில யாரும் மன்னிப்பே கேக்க மாட்டேங்கிறாக தம்பி. ஆனா எல்லாரும் எல்லாரையும் மன்னிச்சிர்றாக.”

அந்தக் கதை ஒரு வார இதழில் வந்தது. நான் அவருக்கு அந்த இதழைக் காட்டவில்லை. ரோசம்தான்.

என் அண்ணன் ராஜமணியைக் கல்யாணம் செய்து அவர் இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தோரு வருடம். காலையில் கோயிலில் வெள்ளைப் பட்டு, மாலை வரவேற்புக்கு அரக்குப் பட்டு. நிச்சயம் முடிந்ததும் அந்த அரக்குப் புடவையின் ஓரத்து நூலை ஒரு சீட்டில் ஒட்டி, மதுரைக்குப் போய், அதற்குப் பொருத்தமாக மாப்பிள்ளைக்கு ஒரு டை எடுத்து அனுப்பினாராம். அரக்கு நிறம், அதில் கடுகளவு நீல மாங்காய்கள். இவ எடுத்த முதல் மேட்சிங் இதுதான் என்று அண்ணன் கடைசிவரை சொல்லிச் சிரித்தார். ஏழு வருடத்துக்கு முன்னால் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதற்குப் பிறகு கடை அண்ணியுடையது. கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாத நான் அவருக்கு உதவியாள்.

4

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. அண்ணி கோயிலில் பூ அலங்காரத்தில் இருந்தார். கடை அரைநாள். வீட்டில் நானும் முப்பது முட்டைகளும்.

வெங்காயமும் மஞ்சளும் திராட்சையும் முடிந்துவிட்டன. அழகாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றை எல்லோரும் செய்துவிடலாம் என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு. மலையாளத்தில் பேசிய ஒரு பெண்ணின் வீடியோவில் வேறொரு வழி பார்த்திருந்தேன். பூப்போட்ட பட்டுத்துணியை, அச்சு உள்பக்கம் வரும்படி வேகவைக்காத முட்டையின் மேல் சுற்ற வேண்டும். அதன்மேல் வெள்ளைத் துணி சுற்றி நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். தண்ணீரில் நாலு கரண்டி வினிகர் ஊற்றி இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு பிரித்தால், துணியில் உள்ள பூ அப்படியே ஓட்டில் ஏறியிருக்கும். அதைச் சாப்பிடக் கூடாது, பார்க்க மட்டும்.

துணிக்கடைக்காரன் வீட்டில் பட்டுக்கா பஞ்சம் என்று கீழே கடைக்குப் போய் வெட்டுத் துண்டுகளை அள்ளிக்கொண்டு வந்தேன். நாலு முட்டை வேகவைத்தேன். நாலும் வெள்ளையாகவே வெளியே வந்தன. பட்டு மாதிரி பளபளக்கிற அந்தத் துண்டுகள் எல்லாம் பாலியெஸ்டர். அது சாயத்தை விடாது. அசல் பட்டா என்று பார்க்க நூலை உருவிக் கொளுத்த வேண்டும். முடி கருகின வாடை வந்தால் பட்டு, பிளாஸ்டிக் வாடை வந்தால் இல்லை. இருபத்தைந்து துண்டில் நூல் உருவிக் கொளுத்தினேன். ஒன்றும் தேறவில்லை.

அப்போது பரணில், பழைய துணிகள் கிடந்த ஒரு பையில், யாருடையது என்றே தெரியாத ஒரு டை கையில் கிடைக்க—

4, மறுபடியும்

மேலே உள்ள கடைசி வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன். நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.

பையும் இல்லை, பழைய துணியும் இல்லை. பரணில் இருந்தது அண்ணனின் டிரங்குப் பெட்டி. கையில் கிடைக்கவும் இல்லை, நான்தான் ஸ்டூல் போட்டு ஏறித் திறந்தேன். அதில் அண்ணனின் கண்ணாடி, கைக்கடிகாரம், சர்டிபிகேட்டுகள், ஒரு வெள்ளைக் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் சுருட்டி வைத்த டை. யாருடையது என்று தெரியும். யார் சுருட்டி வைத்தது என்றும் தெரியும்.

அங்கேயே நின்று ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். முடி கருகின வாடை வந்தது.

எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான்: ஒரே ஒரு முட்டைக்கு. அகலமான நுனியில் ஒரு சாண் மட்டும். மீதியைச் சுருட்டி அப்படியே வைத்துவிட்டால் பெட்டியை யார் திறக்கப்போகிறார்கள்.

முதல் முட்டையைப் பிரித்தபோது என் கை நடுங்கியது. குற்ற உணர்ச்சியால் நடுங்கியது என்று எழுதினால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வரும். சந்தோஷத்தால்தான் நடுங்கியது. அரக்கு அரக்காகவே இறங்கியிருந்தது. கடுகளவு நீல மாங்காய்கள் ஒன்றுகூடச் சிதையாமல் ஓட்டில் உட்கார்ந்திருந்தன. இவ்வளவு அழகான ஒரு பொருளை நான் என் கையால் செய்ததே கிடையாது. கதைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று என்று நினைத்தேன். அப்புறம் இன்னும் ஒன்று. ஐந்தாவது முட்டைக்குப் பிறகு வாலில் ஒரு சாண் துண்டு மட்டும் மிஞ்சியது, மதுரைக் கடையின் பெயர் நெய்த சீட்டோடு. வெட்டுப்பட்ட துண்டைப் பெட்டியில் வைத்தால் அதுவே காட்டிக்கொடுக்கும் என்று என் அகராதிக்குள் செருகிக்கொண்டேன். வெறும் கைக்குட்டையை முன்பு இருந்த மாதிரியே மடித்து வைத்தேன். அந்த மடிப்பை எவ்வளவு பொறுப்பாக மடித்தேன் என்பது இன்றும் என் விரல்களுக்கு நினைவிருக்கிறது.

5

விடியற்கால ஆராதனை முடிந்து சபைக் கூடத்தில் காபி. மேசைமேல் கூடை. நடுவில் அந்த ஐந்து. எல்லோரும் வந்து பார்த்தார்கள். போதகர் போட்டோ எடுத்தார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவர்களிடம் அது ரகசியம் என்றேன். அண்ணன் போன பிறகு நாலு வருடமாக, நிறம் பார்க்கிற அண்ணியின் கண்ணைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, அன்றைக்குத்தான் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை காதில் விழுந்தது. அதை நான் தின்றுகொண்டிருந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

அண்ணி கடைசியாக வந்தார். மற்ற முட்டைகளை அவர் பார்க்கவே இல்லை. அரக்கு முட்டை ஒன்றை எடுத்து, நேராக வாசலுக்குப் போய், விடிந்துவந்த வெளிச்சத்தில் பிடித்து, ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். கடையில் துணியைப் பார்ப்பது போலவே. கூடமே அவரைப் பார்த்தது. அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று எல்லோருக்கும் ஆவல்.

“இந்த அரக்கை நான் பாத்திருக்கேன் தம்பி,” என்றார். “நம்ம வீட்டுலதான். எங்கன பாத்தேன்னுதான் பிடிபடல.”

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், அண்ணி கொஞ்சம் இங்கன வாங்க என்று தனியே கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அழுதிருப்பார், என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பார். அவ்வளவுதான். அதை நினைத்து நினைத்து இப்போது என்ன செய்ய. என்னைச் சுற்றிப் பத்துப்பேர் நின்றார்கள், கையில் காபியோடு.

“டப்பாச் சாயம் அண்ணி,” என்றேன். “தேனியில வாங்குனது. நீங்க பாத்திருக்கவே முடியாது.”

பெண்கள் ஐக்கியத் தலைவி ஞானபாக்கியம் பக்கத்தில் நின்றிருந்தார். கிருபாவதிக்கே கலர் தப்புச்சுன்னா நாங்கல்லாம் எங்கன போறது என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் இல்லை, கேலிதான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு. முட்டையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, அப்படித்தான் இருக்கும் என்றார்.

அந்த முட்டையை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டு வாங்கியவர் இல்லை. எடுத்துக்கங்க, ஆனா சாப்பிட்டுறாதீக என்றேன்.

[மற்ற நாலில் ஒன்று பிள்ளைகள் கையில் உடைந்தது. ஒன்று போதகர் வீட்டுக்குப் போனது. இரண்டு என்ன ஆயின என்று தெரியவில்லை. வாசகர்கள் இப்படிப்பட்ட கணக்கைக் கேட்பார்கள் என்பதால் சொல்கிறேன்.]

6

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அண்ணன் மகன் கார்த்திக்ராஜுக்குப் போன வருடம் கல்யாணம் கூடியது. பெண் ஜான்சி, தேனிப் பெண். உடுப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவன், அப்பாவின் டையைக் கட்டிக்கொண்டு கோயிலில் நிற்கிறேன் அம்மா என்றான். அண்ணியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உடனே பெட்டியை இறக்கச் சொன்னார். இறக்கியது நான்.

கைக்குட்டையை விரித்தார். மறுபடி மடித்தார். மறுபடி விரித்தார்.

மூன்று நாள் தேடினார். பீரோ, பரண், கடையின் பின்கட்டு. நானும் கூடவே தேடினேன். இந்த வாக்கியத்தை எழுதக் கூசுகிறது. அகராதிக்குள் இருக்கும் துண்டை வைத்துக்கொண்டு, ஸ்டூலில் ஏறி இறங்கி, இங்கே இல்லை அண்ணி, இங்கேயும் இல்லை அண்ணி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரோ எடுத்திருப்பார்கள் என்று அவர் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. பிறர்மேல் பழி போடும் குணம் அவருக்குக் கிடையாது. கைக்குட்டை மடித்தது மடித்தபடி இருக்கிறதே, அப்படியானால் எடுத்தது நான்தான் என்று முடிவுக்கு வந்தார். அண்ணன் இறந்த மாதம் அவர் சட்டைகளைச் சபையின் துணி சேகரிப்புக்குக் கொடுத்தார். அப்போது புத்தி தடுமாறி அதையும் சேர்த்துப் போட்டுவிட்டேன் போல என்றார்.

நாலாம் நாள் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். கையில் அந்த முட்டை. ஷோகேஸில் வைத்திருந்தது. உடையாத அவித்த முட்டை வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே காய்ந்துவிடும். அவர் திருப்பியபோது மஞ்சள்கரு ஓட்டுக்குள் உருண்டு சத்தம் போட்டது.

“பாத்தீகளா தம்பி. இதை எடுத்தா எனக்கு உங்க அண்ணன் டைதான் கண்ணுக்குள்ள வருது. அன்னைக்குக் கோயில்லயும் அப்படித்தான் வந்துச்சு. நீங்க டப்பாச் சாயம்னு சொன்னீக. அப்ப இருந்தே எனக்கு ஞாபக மறதி ஆரம்பிச்சிருச்சு போல.”

தேடுவோம் அண்ணி என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன்.

மகனிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். உங்கப்பா டையைத் தொலைச்சிட்டேம்ப்பா என்று, கல்யாணத்துக்கு முந்தின நாள், உறவுக்காரர்கள் முன்னால். அவன் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். நான் பந்தல்காரனோடு பேச வேண்டியது இருக்கிற மாதிரி வெளியே போய்விட்டேன்.

7

தேனியில் ஒரு நரம்பு டாக்டர். கூட்டிப்போனதும் நான்தான். என்ன மாதம், என்ன கிழமை என்று கேட்டார். மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி, வேறு பேச்சுப் பேசிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அண்ணி மூன்றையும் சொன்னார். டாக்டர் தந்த சீட்டில் இரண்டு வேறு நீலத்தில் எழுதியிருக்கிறது, நடுவில் பேனா மாற்றினீர்களா என்றும் கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டு, அம்மாவுக்கு என்னைவிட நல்ல ஞாபகம், ஒன்றும் இல்லை, போய்வாருங்கள் என்றார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. இனி நான் சொல்ல வேண்டியதில்லை, டாக்டரே சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். போடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர், ஊர் நெருங்கும்போது சொன்னார்:

“ஒரு மணி நேரம் பாத்த டாக்டருக்கு என்ன தெரியும். நீங்கதான கூடவே இருக்கீக.”

அடுத்த வாரம் கடைச் சாவியை என் கையில் கொடுத்தார். துணியைத் தப்பாக எடுத்துக் கொடுத்துவிட்டால் அண்ணன் சேர்த்த பெயர் கெட்டுவிடும் என்றார். சாவி கையில் கனத்தது என்று எழுதத்தான் ஆசை. கனக்கவில்லை. ஒரு கணம், ஒரே கணம், எனக்கு உள்ளூர இனித்தது. இந்தக் கதையில் நான் மிகவும் வெட்கப்படுகிற இடம் டையை வெட்டிய இடம் இல்லை. இதுதான்.

8

முடிவுகள். மூன்று வைத்திருந்தேன்.

(அ) நான் சொல்கிறேன். அவர் சிரிக்கிறார். என் மூளை நல்லாத்தான் இருக்கா என்கிறார். இருவரும் சிரிக்கிறோம். ஈஸ்டர் மணி அடிக்கிறது. ஞானசிகாமணிக்கு ஏற்ற முடிவு. மணியை நான் அடித்தேன் என்பது வாசிக்கிற எவருக்கும் தெரிந்துவிடும்.

(ஆ) நான் சொல்வதற்குள் அவர் இறந்துவிடுகிறார். எனக்குத் தண்டனையாகவும் வாசகருக்குக் கண்ணீராகவும் அமையும். என் கோழைத்தனத்துக்கு அவரைச் சாகடிப்பதா. அடித்துவிட்டேன்.

(இ) அவருக்கு முதலிலிருந்தே தெரியும். எனக்காகத்தான் சும்மா இருந்தார்.

மூன்றாவதைத்தான் நீங்கள் இவ்வளவு நேரம் எதிர்பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு வருடமாக அதைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணுக்கா தப்பும், தெரிந்திருக்கும், தெரிந்தேதான் விட்டுவிட்டார் என்று சொல்லிக்கொண்டு எத்தனை நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். ஆனால் தெரிந்தவர் மகனிடம் மன்னிப்புக் கேட்பாரா? தெரிந்தவர் சாவியைக் கொடுப்பாரா? அண்ணிக்கு நடிக்கத் தெரியாது. தன் கண்ணை நம்பாமல் என்னை நம்பினார், அவ்வளவுதான் நடந்தது.

9

இரண்டு வாரத்துக்கு முன்னால் தேவாரத்திலிருந்து பஞ்சம்மாள் என்று ஒருவர் கடைக்கு வந்தார். புடவை கொண்டுவரவில்லை. கிருபாக்கா இருக்கும்போது நாங்க எதுக்குச் சுமந்துக்கிட்டு வரணும் என்றார். அண்ணி இப்போதெல்லாம் மாலையில் வந்து மூலையில் உட்கார்ந்து புடவை ஓரத்துக்கு ஃபால்ஸ் தைப்பதோடு சரி. போன வருடப் பொங்கலுக்கு இங்கே ரவிக்கை எடுத்தேனே, அந்த மயில்கழுத்துப் புடவைக்கு இன்னொன்று வேண்டும் என்று பஞ்சம்மாள் சொல்லி வாய் மூடவில்லை, அண்ணியின் கை எழுந்து மூன்றாவது தட்டில் ஒரு துணியைக் காட்டியது. காட்டிய பிறகுதான் அந்தக் கையை அவரே பார்த்தார். சட்டென்று மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

“எங்க தம்பிகிட்டயே கேட்டுக்கங்கம்மா. அவுக சொன்னா சரியா இருக்கும்.”

நான் என் கண்ணுக்குப் பொருத்தமாகப் பட்ட வேறொன்றை எடுத்து வெட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் பஞ்சம்மாள் புடவையோடு திரும்பி வந்து, பொருந்தவே இல்லையே என்றார். மூன்றாவது தட்டிலிருந்து அண்ணி காட்டிய துணியை எடுத்தேன். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தோம். புடவை எது, துணி எது என்று தெரியவில்லை. அண்ணி அப்போது கடையில் இல்லை. மத்தியானம் சாப்பிடும்போது இதையாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். ரசம் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

அன்றைக்குத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். இதுவரை எழுதியது ஞானசிகாமணியின் பத்திரிகைக்கு ஆகாது. அவருக்கு வெங்காயச் சருகும் கொத்துமல்லி இலையும் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அகராதியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து இப்போது மேசையில் வைத்திருக்கிறேன். ஒரு சாண் நீளம். இதைக் கையில் கொடுத்துவிட்டு ஓடிவரவும் முடியாது, இதில்லாமல் சொன்னால் அவர் நம்பவும்மாட்டார். அண்ணியைத் தேற்றுவதற்காகத் தம்பி கதை கட்டுகிறான் என்பார். கதை கட்டுகிறவன் என்ற பெயர் எனக்கு ஏற்கெனவே இருக்கிறது.

அதனால் நான் இப்படி நினைத்து வைத்திருக்கிறேன். நாளை மாலை அவர் கடைக்கு வந்து மூலையில் உட்கார்ந்ததும், கல்லாவை விட்டு வெளியே வந்து, வாடிக்கையாளர் நிற்கிற பக்கத்தில் நிற்பேன். இந்தத் துண்டை அவர் முன்னால் வைத்து, அண்ணி, இதுக்கு மேட்சிங் எடுத்துக் கொடுங்க என்பேன். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு தரம் தேய்ப்பார். எழுந்து வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடிப்பார். வெட்டின ஓரத்தைப் பார்ப்பார். மதுரைக் கடையின் சீட்டைப் பார்ப்பார். பிறகு அவர் தட்டுகள் பக்கம் திரும்பமாட்டார். இதற்குப் பொருத்தமானது மாடியில் ஷோகேஸில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் என்ன சொல்வார் என்பதை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் அவர் வாயில் “பரவாயில்ல தம்பி” என்று வைத்திருந்தேன். வைத்தது என் பேனா, அவர் இல்லை. மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னை வீட்டை விட்டு அனுப்புங்கள். சாவியைப் பிடுங்குங்கள். சபைக் கூடத்தில் அந்தப் பத்துப்பேருக்கும் காபி கொடுத்து நிற்கவைத்து, அவர்கள் முன்னால் என்னைச் சொல்லச் சொல்லுங்கள். அவரை அழவையுங்கள், திட்டவையுங்கள், ஒன்றும் பேசாமல் மாடியேறிப் போகவையுங்கள். எதுவானாலும் எனக்குச் சம்மதம். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் வாயில் வைத்துவிடாதீர்கள். நான் இன்னும் மன்னிப்பே கேட்கவில்லை.